ஒரு காலுக்குப் பதினோரு வாஷர்

அவருடைய சொந்தப் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை. ஊருக்கு அவர் வாஷர். குழாய் வேலை பார்க்கிறவர். எந்த வீட்டில் எது ஒழுகினாலும், சுவரே ஊறிப்போய்க் கிடந்தாலும், செருப்பைக் கழற்றும்போதே "ஒண்ணுமில்ல, ஒரு வாஷர் மாத்தினா சரியாயிடும்" என்பார். பாதி வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கும். மீதிப் பாதியில் வாஷரை மாற்றிவிட்டு, ஒழுகுவதைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்ப்பார். அப்புறம் "நாளைக்கு வர்றேன்" என்று கிளம்பிவிடுவார். வாஷர் சொல்கிற நாளைக்கு எந்தக் கிழமையில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது.

வயது ஐம்பத்தொன்று. தொந்தி உண்டு. குனிந்து குனிந்து வேலை பார்த்த முதுகு, நிமிர்ந்து நின்றாலும் எதையோ தேடுகிற மாதிரியே இருக்கும். இடுப்பில் எப்போதும் ஒரு ஸ்பேனர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அது கூடவே போகும்.

வீடு இரண்டு அறை. வாசலிலிருந்து சமையலறைக்குப் போகிற நடையில் ஒரு ஆள் நேராகப் போகலாம், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். அந்த நடைச் சுவரில், அவரே இரும்பு பைப்பை வளைத்து அடித்த இரண்டு கொக்கிகளில், ஒரு மௌண்டன் சைக்கிள் தொங்கியது. பழைய மாடல். பின்பக்கம் கட்டை மாதிரி இருக்கும். முன்னால் மட்டும் அமுங்கி எழுகிற ஃபோர்க். வாங்கி இருபத்துமூன்று வருஷம் ஆகிறது, சாலையைக் கடைசியாகப் பார்த்து ஒன்பது வருஷம். வருகிறவர் போகிறவர் எல்லாரையும் பெடல் ஒரு இடி இடிக்கும். ஹேண்டில்பாரில் குடையும் வெங்காயப் பையும் மாட்டியிருக்கும்.

ஆனால் அவர் வாழ்க்கையில் பெட்டி பிரித்து எடுத்த பொருள் அது ஒன்றுதான். ஸ்கூட்டர் இரண்டாம் கை. டிவி மூன்றாம் கை. கட்டில், யாரோ வீடு காலி செய்தபோது விட்டுப்போனது. கைக்கடிகாரம் அண்ணன் கையிலிருந்து வந்தது. அந்த சைக்கிளுக்கு மட்டும் அவருக்கு முன்னால் முதலாளி கிடையாது.

அதைத்தான் மனைவி இறக்கச் சொன்னாள்.

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். பகலெல்லாம் படுக்கை விரிப்புகளை மெஷினில் போட்டு, எடுத்து, மடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கே வாளியில் துணி ஊறிக்கொண்டிருக்கும். "எட்டு மணி நேரம் மெஷின் பக்கத்துல நிக்கிறேன். வீட்டுக்கு வந்தா நானே மெஷின்" என்பாள். இரண்டு வருஷம் தன் சம்பளத்தில் ஒதுக்கி வைத்து ஒரு வாஷிங் மெஷினுக்குச் சொல்லிவிட்டாள். புதுசு. பெட்டியோடு வரும். பத்து நாளில், திங்கட்கிழமை வந்து இறங்கும்.

அதை வைக்க வீட்டில் இரண்டே இடம். ஒன்று பின்பக்கம், குளியலறையின் வெளிச்சுவர் ஓரம். அங்கே தண்ணீர் லைன் இழுக்க வேண்டும், கழிவுநீர் போக வழி வெட்ட வேண்டும். மூன்று வருஷமாக அவள் கேட்கிறாள், மூன்று வருஷமாக அவர் நாளைக்கு என்கிறார். இன்னொன்று நடை. சமையலறைக் குழாய் சுவருக்கு அந்தப் பக்கம்தான், ஒரு ஹோஸை நீட்டினால் போதும். ஆனால் சைக்கிள் போக வேண்டும்.

"அது ஓடுற சைக்கிள்ம்மா. ஓடுற வண்டியை யாராவது எடைக்குப் போடுவாங்களா?" என்றார் வாஷர்.

"ஓடுதா? அப்போ ஓட்டிக் காட்டுங்க. தண்ணித் தொட்டி வரைக்கும்."

தண்ணித் தொட்டி ஊருக்குப் பின்னால் மேட்டின் உச்சியில் இருக்கிறது. ஆறு வளைவு. அவருடைய ஸ்கூட்டரே நான்காவது வளைவில் இருமி நின்றுவிடும். அந்தச் சாக்கில்தான் ஏழு மாதமாக அவர் மேட்டு வீடுகளின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

வாயைக் கொடுத்தாயிற்று, இனி திரும்ப வாங்க முடியாது. அன்றைக்குச் சாப்பிட வந்திருந்த அவளுடைய தம்பி, கை கழுவிய ஈரத்தோடு நடுவராகப் பொறுப்பேற்றுக்கொண்டான். மெஷின் வருவதற்கு முந்தின ஞாயிறு. கீழேயிருந்து தொட்டி வாசல் வரை வழியில் கால் தரையில் படக்கூடாது. பிறகு அதே சைக்கிளில் வீடு வந்து சேர வேண்டும். ஜெயித்தால் சைக்கிளுக்கு நடை, பின்பக்கம் லைன் போடுவது அவர் பொறுப்பு. தோற்றால் திங்கட்கிழமை காலையில் பழைய இரும்புக்காரர்.

"செலவு?" என்று கேட்டார் வாஷர்.

"உங்க வாளி இருக்கே" என்றாள்.

வேலை செய்கிற வீடுகளில் கழற்றிப் போடுகிற பழைய பித்தளைக் குழாய்களை எடுத்துவந்து, எடைக்குப் போட ஒரு பெயின்ட் வாளியில் சேர்ப்பது அவர் வழக்கம். எண்ணிப் பார்த்தார். நாற்பத்தொன்று. சைக்கிளுக்குப் புது உயிர் கொடுக்க மொத்த நிதி அவ்வளவுதான். வீட்டுக் காசில் கை வைத்தால் ஹாக்ஸா பிளேடு எடுத்துத் தானே ஃபிரேமை அறுத்துவிடுவதாக மனைவி சொல்லியிருந்தாள். சொன்னால் செய்வாள்.

சைக்கிள் கடைக்காரனைக் கம்பி என்பார்கள். ஆளும் அப்படித்தான். அவனிடம் ஒரு வெர்னியர் அளவுகோல் உண்டு. அதை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் துணி சுற்றி வைத்திருப்பான், யார் கையிலும் கொடுக்க மாட்டான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, வெல்டு வெல்டாகத் தடவிப் பார்த்துவிட்டு, ஃபிரேம் கல்லு மாதிரி இருக்கிறது என்றான். வாஷருக்குப் பெற்ற பிள்ளையைப் பாராட்டியது போலிருந்தது. டயர், ட்யூப், செயின், பிரேக் கட்டை, கேபிள் எல்லாம் மாற்ற வேண்டும் என்றான். அது எதிர்பார்த்ததுதான். பிறகு ஃபோர்க்கின் மேல் கையை ஊன்றி அமுக்கினான். அது போனது. போனது போனதுதான்.

"உக்காந்தா எழுந்திரிக்க மாட்டேங்குதுண்ணே. உங்கள மாதிரியே" என்றான்.

உள்ளே இருக்கிற ரப்பர் இத்தனை வருஷத்தில் தார் மாதிரி இளகிப்போயிருக்கும், இந்த மாடலுக்கு அது இப்போது கிடைக்காது, பழைய ஃபோர்க் ஒன்று பார்த்து வாங்கிக்கொள்வதுதான் வழி என்றான். ஆனால் ஃபிரேமின் கழுத்துக்குள் போகிற பைப் அளவு முக்கியம், தான் அளந்து எழுதித் தருவதாகச் சொல்லிக் கண்ணாடிக் கூட்டைத் திறக்கப் போனான்.

வாஷருக்குச் சுருக்கென்றது. "தம்பி, முப்பது வருஷமா பைப்போடதான் குடும்பம் நடத்தறேன். எனக்கு நீ பைப்பு அளந்து குடுக்கப் போறியா?"

கம்பி கூட்டை மூடிவிட்டான்.

டயருக்கும் ட்யூபுக்கும் பதினான்கு குழாய் போனது. செயின், கேபிள், பிரேக் கட்டைக்கு ஒன்பது. மிச்சம் பதினெட்டு. வாஷர் வீட்டில் சைக்கிளைச் சாய்த்து, ஃபோர்க்கின் அடிப்பக்க ஓட்டையில் டேப்பை வைத்தார். சரியாக ஒரு இஞ்ச். ஒரு இஞ்ச் பைப். இதற்கு ஒரு வெர்னியராம்.

பழைய சாமான் விளம்பரத்தில் ஒரு இஞ்ச் ஃபோர்க் உடனே கிடைத்தது. ஊரின் அந்தக் கோடிக்குப் போய் வாங்கிவந்தார். பதினெட்டுக் குழாயும் சரியாகப் போயிற்று. விற்றவர் ரொம்ப சந்தோஷப்பட்டார், தெருமுனை வரை வந்து வழியனுப்பினார், காற்றடிக்கிற பம்ப் ஒன்றை இனாமாகக் கொடுத்தார். அப்போதே வாஷர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை கடையில் அதைக் கழுத்துக்குள் விட்டபோது, அப்பா செருப்புக்குள் பிள்ளை கால் போன மாதிரி லொடலொடவென்று ஆடியது. கம்பி கூட்டைத் திறந்தான், துணியைப் பிரித்தான், வெர்னியரை எடுத்தான். பழையதை அளந்தான். புதியதை அளந்தான். வேண்டுமென்றே மெதுவாகச் செய்தான்.

"பழசு ஒண்ணே அரைக்கால் இஞ்ச். இது ஒரு இஞ்ச். எப்படி அளந்தீங்க?"

"எப்படி அளப்பாங்க? உள்ளதான்."

"சைக்கிளுக்கு வெளிய அளக்கணும்ணே."

"பைப்புன்னா உள்ளளவுதான்டா கணக்கு. தண்ணி உள்ளதானே போகுது?"

"இதுல தண்ணி போகாதுண்ணே" என்றான் கம்பி.

வாஷர், பெரிய பைப்பையும் சின்ன பைப்பையும் இணைக்கிற ரெடியூசர் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாமா என்று மெல்லக் கேட்டார். கழுத்தில் ரெடியூசர் போட்டு மேட்டிலிருந்து இறங்கினால் சக்கரம் முதலில் வீட்டுக்குப் போய்ச் சேரும், நீங்கள் அப்புறமாக வரலாம் என்றான் கம்பி. விற்றவருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விவரம் தெரிந்தவர் எடுப்பாரா?

சனிக்கிழமை மத்தியானம். மறுநாள் மேடு ஏற வேண்டும். வாளி காலி. வாஷர் வீட்டின் பின்பக்கம் உட்கார்ந்து, செத்த ஃபோர்க்கை மடியில் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி துணி அலசிக்கொண்டிருந்தாள். சமையலறைக் குழாய் டொக் டொக்கென்று சொட்டியது. பல மாதமாகச் சொட்டுகிறது, அன்றைக்குத்தான் அவருக்குக் காதில் விழுந்தது.

சும்மா இருக்க முடியாமல் ஃபோர்க்கின் இரண்டு காலில் ஒன்றின் மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே ஒரு கம்பி. அதில் நடுவில் ஓட்டை போட்ட ரப்பர் வில்லைகள் வரிசையாகக் கோத்திருந்தன. மேலே இருந்தவை கருப்புப் பசையாக இளகியிருந்தன, கீழே இருந்தவை நன்றாகவே இருந்தன. நடுவில் ஓட்டை. வட்ட ரப்பர். ஒன்றின் மேல் ஒன்று.

வாஷர் அந்த வில்லையை விரலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து வேலைப் பைக்குப் போனார். நடக்கவில்லை, ஓடினார். நடையில் வெறும் கொக்கியில் தோளை இடித்துக்கொண்டதுகூடத் தெரியவில்லை.

அரை இஞ்ச் குழாய்க்குப் போடுகிற ரப்பர் வாஷர். பையில் எப்போதும் கிடக்கும். இளகிய ரப்பரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தை நிரப்ப ஒரு காலுக்குப் பதினோரு வாஷர் கோத்தார். இரண்டு காலுக்கும் சேர்த்து இருபத்திரண்டு. பையில் இருந்ததே அவ்வளவுதான். மூடியை முடுக்கிவிட்டுக் கம்பியின் கடைக்குத் தூக்கிப்போனார். கம்பி அதைச் சைக்கிளில் மாட்டி, ஊன்றி அமுக்கினான். போனது. க்ரீச் என்று ஒரு சத்தம். எழுந்துவிட்டது. கம்பி மறுபடி அமுக்கினான். மறுபடி க்ரீச். மறுபடி எழுந்தது.

"ஒரு வாஷர் மாத்தினா சரியாயிடும்னு சொல்லுவேன்ல?" என்றார்.

"இருபத்திரண்டு வாஷருண்ணே" என்றான் கம்பி. ஆனால் கூலி வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வாஷர் கிளம்பினார். பின்னால் மச்சான் ஸ்கூட்டர், அதில் மனைவி. முதல் வளைவு சுகமாகப் போயிற்று. இரண்டாவதில் சட்டை நனைந்தது. மூன்றாவதில் மிகச்சிறிய பல்லுக்கு கியரை இறக்கிவிட்டார். கால் காற்றாடி மாதிரி சுற்றியது, சைக்கிள் மட்டும் நகர்ந்ததா இல்லையா என்று தெரியவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் ஃபோர்க் க்ரீச், க்ரீச் என்றது.

"மாமா, இந்த வேகத்துல போனா ஸ்கூட்டர் நின்னுடும். கொஞ்சம் தயவு பண்ணுங்க" என்றான் மச்சான்.

திட்டுவதற்கு வாஷரிடம் மூச்சு இல்லை.

ஆனால் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று இருந்தது. மூன்றாவது வளைவுக்கு மேல் சாலையின் இரண்டு பக்கமும் வீடுகள். எல்லாம் அவருடைய வாடிக்கை வீடுகள். தொட்டியிலிருந்து மணலோடு வருகிற தண்ணீர் வாஷரைத் தின்றுவிடும், மேட்டில் ஒழுகாத குழாயே கிடையாது. அத்தனை வீட்டுக்கும் ஏழு மாதமாக அவர் நாளைக்கு என்று சொல்லியிருந்தார். நல்ல ஸ்கூட்டராக இருந்தால் சட்டென்று கடந்துவிடலாம். இந்த க்ரீச் சத்தத்துக்கு ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

முதலில் தையல்காரர் வந்தார், வாயில் ஊசியோடு. பிறகு மாடி வீட்டு பேங்க் ஆபீசர், முகத்தில் பாதி சோப்போடு. ஓடிவர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சாதாரணமாக நடந்தாலே சைக்கிளை முந்த முடிந்தது. இரண்டு பேரும் இரண்டு பக்கமும் நடந்துகொண்டே தங்கள் குறையைச் சொன்னார்கள். ஓவர்சியர் வீட்டம்மா, குழாய்க்குக் கட்டிவைத்திருந்த துணியையே சாட்சிக்குக் கொண்டுவந்து காட்டினாள். நிற்கவும் முடியாது, ஓடவும் முடியாது. வாஷர் எல்லாருக்கும் தலையை ஆட்டினார். மிதித்தால் தலை தானாகவே ஆடியது.

ஐந்தாவது வளைவில் ரிட்டயர்டு டீச்சரம்மா. கேட்டைத் திறந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்தக் கை கட்டலைப் பார்த்ததும் வாஷர் ஹேண்டில்பாரைச் சாலையின் மறுபக்கம் திருப்பினார்.

"நாளைக்குன்னு சொன்னீங்களே. எந்த மாசத்து நாளைக்கு?"

"டீச்சர்... கால் வெக்கக்கூடாது... டீச்சர்..."

"ஏன், கால்ல அடியா?"

"வீட்டுல... பந்தயம்..."

டீச்சரம்மா திரும்பி ஸ்கூட்டரில் இருந்த மனைவியைப் பார்த்தாள். மனைவி தலையை ஆட்டினாள். விவரம் கேட்டுக்கொண்டாள் போலிருக்கிறது. அதன்பிறகு டீச்சரம்மாவும் சைக்கிளோடு நடந்தாள். ராத்திரியெல்லாம் வாளியில் சொட்டுகிற சத்தத்தில் தூக்கம் போய், வாளிக்குள் துண்டு போட்டு, துண்டு நனைந்ததும் மறுபடி சத்தம் வந்து என்று ஒழுங்காக, ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்.

தொட்டி கண்ணில் பட்டது. கடைசி ஏற்றம், சுவர் மாதிரி. வாஷர் சீட்டிலிருந்து எழுந்து முழு எடையையும் பெடலில் போட்டார். சைக்கிள் முன்னால் ஒரு முழம் போய், நின்றது. அப்படியே நின்றது. ஹேண்டில்பார் இடப்பக்கம் திரும்பிற்று, உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. வலது கால் பெடலை விட்டுக் கிளம்பியது. நடை, கொக்கி, பழைய இரும்புக்காரரின் தராசு எல்லாம் அவர் கண்ணில் ஒரு சுற்று வந்தன.

சீட்டுக்குப் பின்னால் ஒரு கை விழுந்தது.

"விழுந்து தொலைச்சீங்கன்னா என் குழாயை யாரு பாக்கறது?" என்று சொல்லி, டீச்சரம்மா ஒரு தள்ளு தள்ளினாள்.

வாஷர் தொட்டி வாசலின் இரும்புக் கிராதியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலும் பெடலில் இருக்க, மூச்சிரைக்க நின்றார். மச்சான் ஸ்கூட்டரிலிருந்து இறங்கியதுமே இது செல்லாது என்றான். தள்ளினால் ஆட்டம் அவுட் என்றான். தையல்காரர் வாயிலிருந்து ஊசியை எடுத்துவிட்டு, அதெப்படி, கால் படக்கூடாது என்றுதானே பேச்சு என்றார். ஆபீசர் சோப்பு காய்ந்த முகத்தோடு இரண்டு பக்கமும் பேசினார். கடைசியில் எல்லாரும் மனைவியைப் பார்த்தார்கள். வாஷரும் பார்த்தார்.

அவள் அங்கே நின்ற ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். சாட்சித் துணியைப் பார்த்தாள்.

"கால் கீழ படலை. கையைப் பத்தி நாம பேசவே இல்லை" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "இந்த நாளைக்கு நம்ம வீட்டுக்கு மட்டும்தான்னு இத்தனை நாள் நினைச்சிட்டிருந்தேன். ஊருக்கே இதுதானா?" என்றாள்.

வாஷருக்கு அசடு வழிந்தது. ஏற்கெனவே வேர்வை வழிந்துகொண்டிருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை.

"இறங்குறப்போ ஒவ்வொரு வீடா பாத்துட்டு வாங்க."

"பை கொண்டுவரலையேம்மா. ஸ்பேனர் மட்டும்தான் இருக்கு. வாஷர் இல்லாம..."

"வாஷர் இல்லையா?" என்று கேட்டு, அவள் கண் மெதுவாகச் சைக்கிளின் முன்பக்கத்துக்குப் போனது.

இறங்குவதற்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. டீச்சரம்மா வீட்டில் சைக்கிளைச் சுவரில் சாய்த்து, ஃபோர்க்கின் மூடியைத் திருகி, இடது காலிலிருந்து ஒன்று எடுத்தார். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் கோணிக்கொள்ளும் என்று வலது காலிலிருந்தும் ஒன்று எடுத்தார். எடுத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கொல்லைக் குழாய்க்கும் போட்டார். டீச்சரம்மா கூலியோடு ஒரு பழைய பித்தளைக் குழாயையும் கொடுத்தாள். அடுத்தது ஆபீசர். அடுத்தது ஓவர்சியர் வீடு. வீட்டுக்கு இரண்டு வாஷர். ஒவ்வொரு வீட்டைத் தாண்டும்போதும் சைக்கிளின் முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. மூன்றாவது வளைவுக்கு வந்தபோது அது தலை குனிந்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது. க்ரீச் சத்தம் நின்று, ஒவ்வொரு குழியின் இடியும் டங் டங் என்று நேராக அவர் மணிக்கட்டில் இறங்கிற்று.

பத்து வீடு முடிந்து அவர் வாசலுக்கு வந்தபோது ஃபோர்க்கில் மிச்சம், காலுக்கு ஒன்று. மனைவி முன்னாலேயே வந்து, தண்ணீர் மெயின் வால்வை மூடிவிட்டு, சமையலறை வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்று சமையலறைக் குழாய்க்குப் போயிற்று. ஒன்று குளியலறைக் குழாய்க்கு.

மறுநாள் மெஷின் வந்துவிடும். அதற்குள் பின்பக்கம் லைன் போட்டாக வேண்டும். வாஷருக்குத் தொடை இரண்டும் மரக்கட்டையாகிவிட்டிருந்தது, குந்த முடியவில்லை. தரையில் படுத்துக்கொண்டே சுவரை வெட்டினார், படுத்துக்கொண்டே பைப்பை ஒட்டினார். அந்த ஒரு இஞ்ச் ஃபோர்க்கைச் சுவரில் தலைகீழாக இறுக்கி, அதன் இரண்டு காலுக்கு நடுவில் கழிவுநீர் ஹோஸைக் கொடுத்தார். அளவு அப்படி ஒரு கச்சிதம்.

மெஷின் வந்து இறங்கியதும், பெட்டியை யாரும் தொடக்கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். தானே டேப்பை உரித்தாள், அவசரப்படாமல். அட்டையைக் கிழிக்கவில்லை, மடித்துச் சுவரோரம் வைத்தாள். மெஷினின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டிவிட்டாள். வாஷர் கதவோரம் நின்று பார்த்தார். இருபத்துமூன்று வருஷத்துக்கு முன் அவரும் சைக்கிளில் சுற்றியிருந்த தாளை ஒரு மாசம் உரிக்கவில்லை.

சைக்கிள் நடையில், கொக்கியில். முன்பக்கம் அமுங்கியே கிடக்கிறது. ஹேண்டில்பாரில் குடையோடு சேர்த்து இப்போது மெஷினின் கையேடும் ஒரு பையில் தொங்குகிறது. பெயின்ட் வாளியில் ஆறு குழாய்.

"அதுக்கு வாஷர் எப்போ போடப் போறீங்க?" என்று மனைவி கேட்டாள், பெடலுக்குத் தலையைச் சாய்த்துக்கொடுத்து நடந்தபடி.

நாளைக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவள் நின்றுவிட்டாள்.

"புதன்கிழமை" என்றார்.

எந்தப் புதன் என்று அவள் கேட்கவில்லை.